கிட்டங்கித் தெருவில் வெயிலுமுத்துவின் நடை

"அண்ணாச்சி நடை வந்துருச்சு, ஆளுதான் இன்னும் வரலை."

இயன்முறைச் சிகிச்சை மையத்தின் வெளிப்பெஞ்சில் முழங்கால் வலிக்காக வந்து காத்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இதைச் சொன்னாள். பஸ் வந்துவிட்டது, கண்டக்டர்தான் இன்னும் ஏறவில்லை என்பது போல, அவ்வளவு சாதாரணமாக. கேட்டவளும் வியக்கவில்லை. நேற்றுத் தனக்கும் கேட்டதென்றும், கேட்டவுடன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியதாகவும், அப்புறம்தான் நினைவு வந்து வெறுங்குடத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியதாகவும் சொன்னாள். உள்ளே நான் ஒருவருடைய தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாருடைய நடை, எங்கே வந்தது என்று வெளியே போய்க் கேட்டிருக்கலாம்; எனக்கு அப்படிக் கேட்க வராது. இரண்டு மாதம் கழித்து அந்த நடையே எங்கள் மையத்தின் மூன்று படிகளையும் ஏறி வந்தது.

கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், சில சமயம் பத்து நாள், வெயில் முற்றினால் பதினைந்து, வருகிற நாளும் தெரியாது, வருகிற நேரமும் தெரியாது, தெரிந்ததெல்லாம் வெயிலுமுத்துவின் கால்சத்தம் மட்டும்தான். அவர் தண்ணீர் திறந்துவிடுகிறவர். ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து, தெருமுனைத் தொட்டிக்குள் இறக்கி, வால்வைத் திருகுவது அவர் வேலை. ஆறு வயதில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி நரம்பில் இறங்கி, அன்று தொங்கிய இடது பாதம் பிறகு நிமிரவே இல்லை. அதைத் தரையில் இடிக்காமல் கொண்டுபோக அவர் உடம்பு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: வலது குதிகால் டக் என்று ஊன்றும், உடம்பு மொத்தமும் வலப்பக்கம் சாயும், இடது இடுப்பு சிறு மேடு ஏறுவது போல் உயரும், அப்படியும் தரையை விடாத இடது பெருவிரல் சர்ர் என்று மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு வந்து சேரும். டக், சர்ர். டக், சர்ர். கிட்டங்கித் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் அந்தச் சத்தம் கேட்டதும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் பிள்ளையோடு எழுந்தாள், குழம்பைத் தாளிக்கப் போனவள் அடுப்பை அணைத்தாள், தலை நிறைய எண்ணெய் வைத்து உட்கார்ந்தவள் அப்படியே குடத்தைத் தூக்கினாள். முப்பது வருடம் இப்படி நடந்தவர் பங்குனி மாதம் ஒரு நண்பகலில், வால்வைப் பாதி திருகிய நிலையில், தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத் தெருவுக்குப் பாதித் தண்ணீர்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வந்தவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, பதினாறு நாளும் மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சந்தனமாரி எழுந்து, எச்சில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். டக், சர்ர். முன்னறைக் கட்டிலில் தொடையெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுத்திருக்கிற மாமியார் ஆவுடைத்தங்கம் கண்ணைத் திறக்காமலே, "வெயிலு, சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்று சொல்வதா, நான்தான் அத்தை என்று சொல்வதா என்று தெரியாமல் சந்தனமாரி பாத்திரங்களோடு நின்றாள். அவள் நின்றதும் சத்தமும் நின்றது. கட்டிலில் இருந்தவருக்கு அப்போது புரிந்தது. அவர் அழவில்லை; பதினாறு நாளாகத் தொடாத கஞ்சியைக் கொண்டுவரச் சொன்னார், கொண்டுவரும்போது அடுப்படியிலிருந்து கட்டில்வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார், குடித்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார்.

தெரு அதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் இரண்டு மூன்று முறை குடங்கள் வாசலுக்கு வந்தன, காலியாகத் திரும்பின; யாரும் சந்தனமாரியைத் திட்டவில்லை. வெயிலுமுத்துவின் காலடியில் படுத்தே பழகிய தெருநாய் அவள் பின்னால் போயிற்று. டீக்கடையில் அவள் கடந்துபோகும்போது, வெயிலுமுத்து வழக்கமாகக் குடிக்கிற சர்க்கரை போடாத டீயைக் கை தானாக ஆற்றத் தொடங்கியது. ஆற்றிய டீயை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் தானே குடித்தார். தாலியறுத்தவள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, திரும்ப வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுகிற தெரு அது. ஆனால் தண்ணீர் கொண்டுவருகிற நடை எதிரே வந்தால் அதற்கென்ன சகுனம் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வைகாசியில் ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்போது, அண்ணாச்சி நடை முன்னால் போகட்டும் என்று பெரியவர்களே சொல்லி, சந்தனமாரியை ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். மற்ற தெருக்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள், கிட்டங்கித் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் மூளை வறண்டுபோயிற்று என்றார்கள்.

வெயிலுமுத்து இடத்துக்கு வேறு பகுதியிலிருந்து மாறி வந்த அருளானந்தம் மொபெட்டில் வருவார், செருப்புச் சத்தம்கூடக் கேட்காது, வால்வைத் திறந்துவிட்டுப் போய்விடுவார். குழாய் பொங்குவதைத் தெரு பார்ப்பதற்குள் பாதி தீர்ந்திருக்கும். இதில் சண்டை வந்தது, அவருடைய தாயாரைக்கூட ஒருத்தி இழுத்துப் பேசிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவரே சந்தனமாரி வீட்டு வாசலில் வந்து நின்று, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "மதினி, நீங்க தெருவுல ஒரு நடை போயிட்டு வந்துருங்க, பெறகு நான் தொறக்கேன்" என்று கேட்டார். அன்று முதல் தண்ணீர் வரும் நாளில் முதலில் அவள் போவாள், பின்னால் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு அவர் வருவார்.

சந்தனமாரி நூற்பாலையில் சைடு பார்க்கிறவள். சைடு பார்ப்பதென்றால், நீளமான இயந்திரங்களுக்கு நடுவே போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அறுந்த இழையை நிற்காமல் ஒட்டிக்கொண்டே போவது. எட்டு மணி நேர ஷிப்டில் எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகிற தூரம் காலில் ஏறிவிடும். அந்தத் தூரத்தையும் இப்போது டக், சர்ர் என்றுதான் நடந்தாள். வீட்டுக்கு வந்து மாமியாருக்காக நடந்தாள். தண்ணீர் நாளில் தெருவுக்காக நடந்தாள். ஒட்டாத இழைகள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து மில்லிலிருந்துதான் அவளை எங்கள் மையத்துக்கு அனுப்பினார்கள்.

படுக்கவைத்துப் பார்த்தபோது இடது பாதம் நான் கையால் எதிர்த்துப் பிடித்ததையும் மீறி நிமிர்ந்தது. நரம்பு, தசை, எதிலும் குறையில்லை. எழுந்து நின்றாள், பாதம் தொங்கியது. ஈரப் பாதத்தோடு பழைய செய்தித்தாள்களின் மேல் நடக்கச் சொன்னேன். வலது குதிகால் ஆழமாகப் பதிந்து, இடது விரலின் ஈரம் கோடாக நீண்டிருந்தது. எங்கள் மையத்தின் பொறுப்பாளர் ஜெபசீலி மேடம் வந்து குனிந்து பார்த்தார். "இது நம்ம வெயிலுமுத்துல்லா" என்றார். அந்தத் தாள் காயும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். நடக்கும்போது பெரும்பாலான நேரம் மனிதர் ஒரு காலில்தான் நிற்கிறார், இரண்டு காலும் தரையில் இருப்பது எடையை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிக் கொடுக்கிற கொஞ்ச நேரம் மட்டுமே என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். வெயிலுமுத்துவின் வலது இடுப்பு அந்த எடையை ஆறு வயதிலிருந்து வாங்கிப் பழகியது, எலும்பே அதற்கேற்றபடி வளர்ந்தது. சந்தனமாரிக்கு நாற்பத்து மூன்று வயது. அவளுடைய இடுப்புக்கு அது புதிது. மூட்டின் கிண்ணம் ஏற்கனவே தேயத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் ஒரு வருடம், அதற்கு மேல் மில்லும் இல்லை, தெருவும் இல்லை, தானும் ஒரு கட்டில்தான் என்றார் மேடம். ஒரு நடையைச் சும்மா எடுத்துவிட முடியாது, அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். அவளுடைய சொந்த நடையைத் திரும்ப வை என்று என்னிடம் ஒப்படைத்தார்.

நீங்கள் முன்பு எப்படி நடப்பீர்கள் என்று சந்தனமாரியிடம் கேட்டேன். அவள் வெகுநேரம் தன் கால்களையே பார்த்தாள்.

"தெரியலையேம்மா. யாரு பாத்தா?"

நான் கிட்டங்கித் தெருவுக்குப் போனேன். வாசல் வாசலாகக் கேட்டேன். யாரோடும் பேசத் தயங்குகிற எனக்கு அது எளிதாக இல்லை. நடையைப் பற்றிக் கேட்டதும் பெண்கள் எழுந்து, சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, வெயிலுமுத்துவைப் போல நடந்து காட்டினார்கள். ஒருத்தி சாய்வதில் சரியாக இருந்தாள், இன்னொருத்தி விரலை இழுப்பதில் அவரேதான், ஒருத்தி தோளில் இல்லாத சாவியைக்கூடப் பிடித்துக்கொண்டாள். நான்கு பேர் நடந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, சிரிப்பு முடிகிற இடத்தில் கண்ணைத் துடைத்தார்கள். அவருடையதை அல்ல, அவர் மனைவியுடைய நடையைக் கேட்கிறேன் என்றேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ நடப்பா, எல்லாரையும் போலத்தான் என்றாள் ஒருத்தி. அவருக்குப் பின்னால் நாலு எட்டுத் தள்ளி வருவா என்றாள் இன்னொருத்தி. அந்த நாலு எட்டும் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் சத்தத்தில் அவள் சத்தம் கேட்டதில்லை.

கல்யாண வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாலையும் குனிந்த தலையும் இருந்தன, கால் இருக்க வேண்டிய இடத்தில் பட்டுக் கொசுவம் இருந்தது. மில்லில் அவளோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தவர்கள், அங்கே கண் இழையின் மேல் இருக்கும், காது இயந்திரத்தின் மேல் இருக்கும், காலை யார் பார்ப்பது என்றார்கள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகளிடம் போனில் பேசினேன். அவள் யோசித்துவிட்டு, "அம்மா நடந்து நான் பாத்ததில்லக்கா, ஓடித்தான் பாத்துருக்கேன்" என்றாள். 

வேறு வழியில்லாமல் புத்தகத்தில் இருக்கிற நடையைச் சொல்லிக் கொடுத்தேன்: முதலில் குதிகால், பாதத்தின் வெளியோரம், பெருவிரல், எதிர்க்கை வீச்சு. சந்தனமாரி கெட்டிக்காரி, அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்தபடி ஆறு எட்டு அழகாக வைத்தாள். ஏழாவதில் நின்றுவிட்டாள்.

"இது யாரோட நடைம்மா? அடுத்தவ சேலையைக் கட்டுன மாதிரி இருக்கு."

அடுத்த எட்டு டக் என்று விழுந்தது, அதற்கடுத்தது இழுத்துக்கொண்டு போயிற்று.

வீட்டிலும் பயிற்சி வேண்டும் என்பதால் வாரம் மூன்று நாள் அவள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். ஆவுடைத்தங்கம் கட்டிலிலிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடக்கச் சொல்லித் தரவும் ஒரு காலேசு இருக்கா, அதுக்கும் பீசு கட்டித்தான் படிச்சியா என்று விசாரித்தார். பரீட்சையில் நடந்து காட்டணுமா, உக்காந்து எழுதணுமா என்றார். நான் இரண்டும்தான் என்றேன். அதற்குச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் குரலை உயர்த்தாமலே சொன்னார்:

"எம்மகன் ஒருக்கா செத்துட்டான் தாயி. இன்னொருக்கா கொன்னுறாத."

அவருக்கு அந்த வீட்டில் எல்லாமே காதுதான். எந்த டப்பா திறக்கிறது, எந்தக் கதவு சாத்துகிறது, யார் வாசலில் நின்று செருப்பை விடலாமா என்று யோசிக்கிறார்கள், எல்லாம் படுத்தபடியே தெரியும். பிற்பகலில் அடுப்படியிலிருந்து டக், சர்ர் வரும்போது அவர் முகம் தளர்ந்து, ஒரு பிள்ளை நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டதைப் போல ஆகும். அதை நான் பார்த்தேன். சந்தனமாரியும் பார்த்தாள். நான் இல்லாத நேரத்தில் அவள் பயிற்சி செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கேட்டபோது, நான் நல்லா நடந்தா அத்தை சாப்பாட்டை நிறுத்திருவாங்கம்மா என்றாள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் வலது இடுப்பின் மேல் கையை வைத்தாள்.

"இந்த எடம் இப்படி வலிக்கும்னு அவரு ஒருநாளும் சொன்னதில்ல. இருபத்திரெண்டு வருசம் பின்னாலயே போனேன், இப்பத்தான் தெரியுது. இதையும் வுட்டுட்டா அவருக்கு வலிச்சது யாருக்குத் தெரியும்?"

 அன்றைய பயிற்சியை எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

ஆவணி நடுவில் ஒரு காலை, மாமியாரைத் துடைத்துவிட வெந்நீர் கொண்டுவரும்போது, வலது இடுப்பு எடையை வாங்க மறுத்தது. வெந்நீர் ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். எழ முடியவில்லை. கட்டிலில் இருந்தவரால் இறங்க முடியாது, தரையில் இருந்தவளால் ஏற முடியாது, நடுவே பதினைந்து அடி சிமெண்டுத் தரை. ஆவுடைத்தங்கம் தெருவைக் கூப்பிட்டிருக்கிறார், தெருவில் அன்று தண்ணீர் நாள், அவள் நடைக்குக் காத்திராமல் மொபெட் மட்டும் வந்திருந்தது, எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள். இரண்டு மணி நேரம் அவர்கள் அப்படியே கிடந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே என்னிடம் சொன்னதில்லை.

எலும்பு முறியவில்லை. பத்து நாள் அசையக் கூடாது என்றார்கள். தெருப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள், இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டார்கள், போகும்போது எப்ப எந்திரிப்ப மதினி என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். மில்லிலிருந்து ஆள் வந்து, மாதக் கடைசிக்குள் சைடுக்கு வராவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள் என்று சொன்னான். அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் சந்தனமாரியின் காலும் இல்லை, வெயிலுமுத்துவின் காலும் இல்லை. ஆவுடைத்தங்கம் மோட்டு வளையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கஞ்சி ஆடை கட்டிப்போயிற்று.

பதினோராம் நாள் நான் போய், சந்தனமாரியின் இடுப்பில் பட்டையைக் கட்டி, மெதுவாக எழுப்பி நிறுத்தினேன். சுவரைப் பிடித்து நின்றாள். எதிரே அடுப்படி. முதல் எட்டு வையுங்கள் என்றேன். அவள் வலது பாதத்தைப் பார்த்தாள், இடது பாதத்தைப் பார்த்தாள். அவருடைய நடையை இடுப்பு தாங்காது, என் புத்தகத்து நடையை உடம்பு ஏற்காது, மூன்றாவது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.  நின்றுபோன காலுக்குத் தாளம் கொடுத்தால் சில சமயம் புறப்படும்; நான் கையைத் தட்டினேன், ஒரே சீராக, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. அவள் கால் எழவில்லை.

"அது அவ இல்ல" என்றார் ஆவுடைத்தங்கம் கட்டிலிலிருந்து.

நான் தட்டுவதை நிறுத்தினேன்.

"மொத ரெண்டு எட்டும் வெரசலா இருக்கும். மூணாவதுல நின்னுதான் போவா. நான் கூப்புடுவனோன்னு."

 சந்தனமாரி சுவரிலிருந்து கையை எடுக்காமல் மாமியார் பக்கம் திரும்பினாள். ஆவுடைத்தங்கம் அவளைப் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து, மடக்கிய விரல்களால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டினார், முதல் தட்டு, உடனே இரண்டாவது. சந்தனமாரியின் வலது கால் போயிற்று, இடது கால் தரையை விட்டு எழும்பிப் போயிற்று. மூன்றாவது தட்டு விழுந்தது. அவள் மூன்றாவது எட்டை வைத்துவிட்டு, தலையைச் சற்றே சாய்த்து, நின்றாள்.

ஆவுடைத்தங்கம் கூப்பிடவில்லை. அடுத்த தட்டைத் தட்டினார்.